சுலோச்சனா சொன்ன கை

சப்-இன்ஸ்பெக்டர் அரவிந்தன் அந்த எலும்புகளை ஓர் அரிசிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஓர் அட்டைப்பெட்டிகூடவா கிடைக்கவில்லை என்று கேட்டேன். சாக்கு புதுசு மேடம் என்றார். அந்த மனிதரிடம் அதற்குமேல் என்ன பேசுவது?

நான் சசிரேகா. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறேன். பதினெட்டு வருஷமாக எலும்பைத் தடவிப் பார்ப்பதுதான் பிழைப்பு. தசை பிடித்திருந்த இடத்தில் மேடு இருக்கும், ரத்தக்குழாய் போன வழியில் பள்ளம் இருக்கும், மூட்டு உரசிய இடம் வழவழவென்று இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலாலேயே சொல்லிவிடுவேன். பெருமைதான், மறைப்பானேன்.

விஷயம் இதுதான். திருப்புலிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், புதர் மண்டிக் கிடந்த பழைய கிணற்றைத் தூர்வாரியபோது ஜேசிபி வாளியில் எலும்புகள் வந்தன. மண்டையோடு வாளியிலேயே நசுங்கித் தூளாகிவிட்டது. அதே ஊரில் ஏழு வருஷத்துக்கு முன் வேதகிரி என்கிற விவசாயக் கூலி காணாமல் போயிருந்தார். அப்போது முப்பத்தெட்டு வயது. பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் கிடையாது. மனைவி சுலோச்சனா மட்டும்தான். செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒருத்தியும் அதே வாரம் ஊரைவிட்டுப் போயிருந்தாளாம். ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

அந்தம்மா மாசத்துக்கு ஒருதரம் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும் என்றார் அரவிந்தன். ஓடிப்போனாரா, செத்துப்போனாரா, ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்குமாம். வேறு எதுவும் கேட்காதாம்.

சாக்கை அவிழ்த்து எலும்புகளை வரிசையாக அடுக்கினேன். இடுப்பெலும்பு ஆண் என்றது, வயது நாற்பதை ஒட்டி. தொடை எலும்பின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்தடி ஐந்தங்குலம் வந்தது. கணைக்கால் எலும்பின் கீழ்முனையில், முன்பக்கம், நகம் அளவுக்கு ஒரு வழவழப்பு. குந்தி உட்கார்ந்து உட்கார்ந்து வருவது அது. நாற்று நட்டவர், களை பறித்தவர் காலில் எல்லாம் இருக்கும். என் மாணவர்களுக்கு ஒருத்தருக்கும் இருக்காது, நாற்காலியைவிட்டு இறங்கினால்தானே.

விலா எலும்பில் கீறல்கள் இருந்தன. கத்திதானே மேடம் என்று அரவிந்தன் ஆசையாகக் கேட்டார். லென்ஸைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கத்தி போட்டால் நேராக, ஆழமாக விழும். இவை வளைந்து, கிளை பிரிந்து, மேலோட்டமாக ஓடின. புதர் வேர் அரித்த தடம். வலது தொடை எலும்பு மட்டும் உடைந்திருந்தது. உடைந்த ஓரமும் மற்ற எலும்பைப் போலவே பழுப்பாக இருந்ததால் அது ஜேசிபியின் வேலை இல்லை, கிணற்றில் விழுந்தபோதே உடைந்தது. புதிதாக உடைந்திருந்தால் வெள்ளையாக இருந்திருக்கும். கொலை கேஸ் இல்லை என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது.

அதற்குப் பிறகுதான் இடது மேற்கை எலும்பை எடுத்தேன். தோள் தசை பிடிக்கும் மேடு அதில் கட்டைவிரலை இடறும் அளவுக்குப் புடைத்திருந்தது. வலது எலும்பில் அதே இடம் சாதுவாக இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இடம் வலம் மாற்றி வைத்துவிட்டேனா? மூன்றுதரம் திருப்பிப் பார்த்தேன். தோள்குழியைப் பார்த்தேன், இடது குழியின் பின்விளிம்புதான் தேய்ந்து சரிந்திருந்தது. முன்கை எலும்பும் அதையே சொன்னது. இந்த ஆள் வாழ்நாள் முழுக்க இடது கையால் பாடுபட்டவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நூறு எலும்புக்கூட்டில் பத்துகூட இப்படி அமையாது.

சுலோச்சனாவிடம் மூன்றே கேள்வி கேட்டு வரச்சொன்னேன். என்ன உயரம், எலும்பு எங்காவது முறிந்து கூடியதா, எந்தக் கைப்பழக்கம். மறுநாள் பதில் எழுத்தில் வந்தது. உயரம் சரி. முறிவு இல்லை, அதுவும் சரி. கைப்பழக்கம் வலது. கீழே அந்தம்மாவின் கையெழுத்து.

அப்போ வேற யாரோ மேடம், அடையாளம் தெரியாத பிணம்னு நாளைக்கு அடக்கம் பண்ணிடறோம் என்று அரவிந்தன் ஃபைலை மூடினார். முறைப்படி அதுதான் சரி. நானும் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைத்தால் இறங்கவில்லை. ஊர், வயது, உயரம் எல்லாம் பொருந்தி, ஒரு கை மட்டும் பொருந்தாமல் போவதென்றால் என் மண்டை குடையாதா? யார் தப்பு, நானா அந்தம்மாவா? மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். இது உன் வேலையா என்று கணவர் கேட்டார். இல்லைதான்.

சுலோச்சனா ஒரு புன்செய்க் கொல்லையில் வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் என்னை வரப்போரம் தள்ளிக்கொண்டு போனார்.

"அதான் அது அவுரு இல்லன்னு சொல்ட்டாங்களே. இன்னும் இன்னா பேஜாரு?"

ஒரே ஒரு சந்தேகம் என்று இழுத்தேன். சோத்துக்கைதான், எத்தினி தபா சொல்றது என்று அவர் வெடுக்கென்று சொன்னார். கேட்பதற்கு முன்பே வந்த பதில். நான் பேச்சை மாற்றினேன். வேதகிரி என்னென்ன வேலை செய்வார் என்று கேட்டேன். எல்லாம் செய்வார், சேறு கலக்கிச் சேடை அடிப்பார், மூட்டை தூக்குவார், ஆனால் நெல் அறுப்பில் அவரை அடிக்க ஆளில்லை என்றார். சொல்லும்போதே குரல் இளகியது. மிஷின் இறங்காத சேற்று வயலுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். எப்படி அறுப்பார், எனக்குக் காட்டுங்களேன் என்றேன். நான் பட்டுத்தறிக்காரர் வீட்டுப் பெண், அறுப்பைக் கிட்டே நின்று பார்த்ததில்லை. அதுவும் உண்மைதான்.

புல்லறுக்க வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு குனிந்தார். இல்லாத பயிரை வலது கையால் வளைத்துப் பிடித்தார். இடது கை அரிவாளோடு உள்ளே போய்ச் சரக்கென்று இழுத்தது. இரண்டாவது பிடி, மூன்றாவது பிடி. பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

"பக்கத்துல நிக்கற ஆளுக்கு அருவா பட்டுடும்னு அவர வரப்போரமா கடசீல வுடுவாங்க" என்றார், குனிந்தபடியே.

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ஒரு வார்த்தையால் ஒரு மனிதரைப் பேரில்லாமல் புதைக்க இருந்தார்களே.

சின்ன வயதில் வேதகிரியின் அம்மா அவர் இடது கையில் துணியைச் சுற்றிக் கட்டிப்போட்டுத்தான் வலது கையால் சாப்பிடவும் கொடுக்கவும் பழக்கினாராம். பெண் பார்க்க வந்தபோது இதை மறைத்தார்களாம். தாலி கட்டும்போது இடது கை முந்திக்கொண்டு வந்ததைப் பார்த்து சுலோச்சனா வீட்டில் முணுமுணுத்தார்களாம். அதிலிருந்து இவர், யாராவது கேட்டால் சோத்துக்கை என்றே சொல்லிப் பழகிவிட்டாராம்.

"ஓடிப்போனவன்னு ஊரே காறித் துப்பிக்கினு கீது. பீச்சாங்கைக்காரன்னு போலீசு பேப்பர்லயும் ஏத்தணுமா? அதான்." அவர் நிமிர்ந்தார். "அப்போ அந்த எலும்பு பீச்சாங்கை ஆளா?"

ஆமாம் என்றேன். எலும்பில் பேர் எழுதியிருக்காது, ஆனால் வயது, உயரம், கை மூன்றும் சேர்ந்து இந்த ஊரில் காணாமல் போனவர் ஒருத்தர்தானே என்று சொன்னேன். அங்கேயே அரவிந்தனுக்கு போன் போட்டு அடக்கத்தை நிறுத்தச் சொன்னேன். அவர் முதலில் முனகினார், பிறகு புது வாக்குமூலம் வாங்கச் சாயந்தரம் வருவதாகச் சொன்னார். சுலோச்சனா அழவில்லை. அவர் ஓடவில்லை, அவர் ஓடவில்லை என்று தனக்குத்தானே இரண்டுதரம் சொல்லிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு நிறைவாக இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

கிணறு கொல்லைக்கு அடுத்தே இருந்தது. இருவரும் நடந்தோம். கரையில் நின்றதும் அவர் திரும்பிப் பார்த்தார். வேப்பமரத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. அதுதான் என் வூடு என்றார்.

"வியுந்ததும் பூட்டாரா டாக்டரம்மா? இல்ல, உசுரோட கெடந்தாரா?"

உடைந்த தொடை எலும்பு என் கண்முன் வந்தது. கால் உடைந்தவர் ஒரு நிமிஷமும் இருந்திருக்கலாம், ஒரு ராத்திரியும் இருந்திருக்கலாம். எலும்பு ஆறத் தொடங்கினால்தான் அதில் அடையாளம் விழும், அதற்குப் பல நாள் ஆகும். தெரியவில்லை என்றேன். பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

"அன்னிக்கி சண்டை. சாப்புடாம எயுந்து போனாரு. ரோசம் கெட்டுப்போய் நான் ஏன் கூப்புடணும்னு கதவ சாத்திக்கினு பட்த்துட்டேன். இங்கேர்ந்து கூப்ட்டா எங்க வூட்ல கேக்கும். அங்கேர்ந்து கூப்ட்டா இங்க கேக்கும். நான் ஒரு தபா கூட கூப்புடல."

பிறகு கிணற்றின் விளிம்புக்குப் போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். பிடித்துக்கொள்ளலாமா என்று நான் ஓரடி வைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. தினம் கூப்பிடுகிற குரலில், கொஞ்சம் சலிப்போடு கூப்பிட்டார்.

"யோவ், சோறு ஆறிப்பூடுது. வா."