ஹெக்டரின் மூக்கு

பஞ்சைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து, கணவரின் உதடுகளை மார்சலி ஒற்றி எடுத்தாள். கீழுதட்டு வெடிப்பில் பஞ்சின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் மெல்ல எடுத்தாள்.

"நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனா?" என்றார் ஹெக்டர். கண் மூடியே இருந்தது.

"சாயங்காலம் மறுபடியும் வர்றாளாம்."

"அத கேக்கல."

"உன் காது நல்லாத்தானே இருக்கு. கேட்டிருப்பே."

"கேட்டுச்சு. இன்னிக்கோ நாளைக்கோன்னா."

"அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்."

ஹெக்டரின் வாயோரம் லேசாக அசைந்தது. "மூக்கு போனாலும் காது போகலன்னு சொல்லிக் காட்டறியா?"

அந்த வீட்டுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் பேச்சு அது. மார்சலி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முன்னறையில் ஹெக்டரின் தம்பி ரூரி உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தெட்டு வயசு ஆனாலும் அண்ணன் படுக்கையில் கிடப்பதைப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்கமாட்டான். படகு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி இருப்பான்.

ஜன்னலுக்கு வெளியே, இருநூறு அடி தள்ளி, வடிசாலையின் புகைபோக்கி தெரிந்தது. அதன் சூளையில்தான் ஹெக்டர் நாற்பத்தொரு வருஷம் நின்றார். சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற கரிமண் கட்டிகளைச் சூளையில் எரித்து, மேல்தளத்தில் பரப்பிய முளைவிட்ட பார்லிக்குப் புகை ஏற்றுகிற வேலை. அந்தப் புகைதான் பிறகு விஸ்கியில் வாசமாக வரும். எவ்வளவு நேரம் புகை போக வேண்டும் என்பதை மற்ற வடிசாலைகளில் இயந்திரம் அளந்து சொல்லும். இங்கே அப்படி இல்லை. நடுவில் சில வருஷம் மூடிக்கிடந்த இந்த இடத்தை வாங்க, பெருநகரத்திலிருந்து மஞ்சள் ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கிய கில்லெஸ்பி, முதல் வேலையாக அளக்கிற இயந்திரத்தை விற்றுவிட்டார். "குடிக்கப் போறது மெஷின் இல்லையே" என்றார். நிறத்துக்கு எதுவும் கலக்கமாட்டேன், கம்ப்யூட்டர் வைக்கமாட்டேன், சூளையில் ஹெக்டர் போதும் என்றால் போதும். தீவே சிரித்தது.

அந்த ஹெக்டருக்குப் பதினாலு வருஷத்துக்கு முன், ஒரு பிப்ரவரிக் காய்ச்சலில் மோப்பம் போய்விட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது, மோப்பம் திரும்பவில்லை. ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தார். எட்டாம் நாள் சூளையிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி சூடான பார்லியை எடுத்து மார்சலியின் உள்ளங்கையில் கொட்டினார்.

"மோந்து பாரு. போதுமா?"

"என்னத்துக்கு என்னைக் கேக்கறே?"

"போதுமான்னு மட்டும் சொல்லு, பொண்ணே."

மார்சலியின் அப்பா வீட்டு வாசலுக்குள் பாட்டில் வர விடாதவர். கல்யாணமாகி வந்த பிறகும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை. ஹெக்டர் குடிப்பதெல்லாம் வெளியில்தான், அதுவும் புத்தாண்டுக்கு. அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்தவள் இல்லை. ஆனால் பீட் அடுப்பின் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"போதாது. இன்னும் ரெண்டு மணி நேரம் விடு."

அன்றிலிருந்து சூளை எரிகிற நாளெல்லாம் அப்படித்தான். அவர் ஒரு பிடி கொண்டுவருவார், அவள் சொல்வாள், அவர் திரும்பிப் போவார். சாப்பிட வீட்டுக்கு வந்துபோகிறார் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"மார்சலி."

"இங்கதான் இருக்கேன்."

"கில்லெஸ்பிகிட்ட சொல்லிடு."

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "அத இப்ப என்னத்துக்கு."

"லேபிள் அடிக்கப் போறான். என் மூக்கை வரைஞ்சு. ஊரெல்லாம் போகும். நான் செய்யாதது என் பேர்ல போறது எனக்குப் பிடிக்கல."

"சொன்னா சிரிப்பாங்க, ஹெக்டர்."

"அப்ப நான் எங்க இருக்கப் போறேன் கேக்கறதுக்கு."

"நான் இருப்பேன் இல்ல."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு, "எனக்காக இல்ல. உன்னோடத உன்கிட்ட குடுக்காம போறேன். அதான் தொந்தரவா இருக்கு" என்றார். "என் மேல மண்ணு விழறதுக்கு முன்னாடி சொல்லிடு. சரின்னு சொல்லு."

"சரி."

"சளி பிடிச்ச கதையும் சேத்து."

"அது வேறயா?"

"அதுதான் முக்கியம்" என்றார். சிரிக்கப் பார்த்தார். மூச்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நாலு மணிக்குக் கடல் வடியத் தொடங்கியது. நாலரைக்கு அவர் கை அவள் கைக்குள் கனத்தது. மார்சலி உடனே யாரையும் கூப்பிடவில்லை. உதட்டை இன்னொரு முறை துடைத்தாள். பிறகுதான், "ரூரி, உள்ள வா" என்றாள்.

மறுநாள் பெட்டி முன்னறைக்கு வந்தது. அண்டை வீட்டுக்காரர்கள் முட்டை வைத்த ரொட்டியும் கேக்கும் கொண்டுவந்து மேஜையை நிரப்பினார்கள். கில்லெஸ்பி மத்தியானம் வந்தார். கையிலிருந்த பாட்டிலை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு உள்ளே வந்தார்.

"கல்லறைகிட்ட எல்லாருக்கும் ஊத்திக் குடுக்கறதுக்கு. உள்ள கொண்டு வரல, மார்சலி. எனக்குத் தெரியும்."

"உக்காருங்க."

அவர் உட்காராமல், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். ஒரே கோட்டில் வரைந்த ஒரு மூக்கு. கீழே 'ஹெக்டரின் மூக்கு' என்று எழுதியிருந்தது. போன வருஷம் வந்து பேர் வாங்கிய அந்தப் பன்னிரண்டு வருஷ விஸ்கிக்கு இனிமேல் இதுதான் பெயர். பீட் புகையில் இதைப் போல எந்தத் தீவிலும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, படகு நிறைய ஆட்கள் பாட்டிலும் கையுமாக இந்த வீட்டு கேட்டுக்கு வந்தார்கள். ஹெக்டர் காம்பவுண்டுச் சுவர் மேல் பாட்டிலை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவர்கள் போனதும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். லேபிள் பேச்சு வந்த பிறகுதான் ஹெக்டர் சிரிப்பதை நிறுத்தினார்.

"அண்ணன் மூக்கேதான்" என்றான் ரூரி. காகிதத்தைப் பெட்டிப் பக்கம் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தான். "அந்த வளைவு பாருங்க. எங்கப்பா மூக்கு. எனக்கு வரல, அவனுக்கு வந்துச்சு."

"கில்லெஸ்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, மார்சலி."

அவர் கண்ணோரம் சிவந்திருந்தது. "நான் வந்தப்போ இந்தத் தீவுல எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. வேலைக்கு வந்து நின்னவர் இவர் ஒருத்தர்தான். உங்க இயந்திரத்தை வித்துடுங்க, நான் இருக்கேன்னார்" என்றார்.

மார்சலி காகிதத்தைப் பார்த்தாள். ரூரியைப் பார்த்தாள்.

"டீக்குச் சக்கரை எத்தனை?" என்றாள்.

அன்று முழுக்கச் சொல்ல வாய்க்காமலே போயிற்று. பாதிரியார் இருந்தார், பிறகு படகோட்டி கேலம் வந்தார், பிறகு வேதப் புத்தகத்துச் சங்கீதம் பாடினார்கள். கில்லெஸ்பி கிளம்பும்போது கேட் வரை கூடப் போனாள். "கால்ல ஈரம் படாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மூன்றாம் நாள் காலை தூறல். ரூரி அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெட்டியை இறக்க எட்டுக் கயிறு. எந்தக் கயிறு யாருக்கு என்று எண் போட்ட அட்டை முதலிலேயே கைக்கு வந்துவிடும். தலைமாடு, ஒன்றாம் எண், ரூரிக்கு. கில்லெஸ்பிக்கு நாலு. கேலத்துக்கு ஏழு. எல்லாம் ஆண்கள்தான். பெண்கள் வீட்டுக் கேட்டோடு நின்றுவிடுவார்கள், உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள். அந்தத் தீவில் அதுதான் வழக்கம். மார்சலி தன் அப்பாவையும் அம்மாவையும் கேட்டிலிருந்துதான் அனுப்பினாள்; மேட்டுக் கல்லறைத் தோட்டம் அங்கிருந்தே தெரியும்.

ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையில் போனார்கள். கடைசியில் கில்லெஸ்பி போனார், பாட்டிலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு. மார்சலி கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள். வடிசாலை வளைவு வந்தது. ஆட்கள் ஒரு நிமிஷம் நின்று தோள் மாற்றினார்கள்.

"உள்ள வா, மார்சலி" என்றாள் பக்கத்து வீட்டு பெகி. "நனையறே."

"என் கோட்டை எடு."

"எதுக்கு?"

"சரி, வேண்டாம்" என்றாள். வாசலுக்குத் திரும்பிப் போய், ஆணியில் தொங்கிய ஹெக்டரின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு கேட்டைத் தாண்டி நடந்தாள். பின்னால் பெகி, "நீ எங்க போறே? மார்சலி, எங்க போறே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பாதிரியார் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார். பெட்டி குழியின் மேல் பலகையில் இருந்தது. எட்டுப் பேரும் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார்கள்.

"அண்ணி?" என்றான் ரூரி.

"எறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அவர்தான் சொல்லச் சொன்னார்." மூச்சு வாங்கியது. "கில்லெஸ்பி, அவருக்கு மோப்பம் கிடையாது. பதினாலு வருஷமா."

கேலம் காதை அவள் பக்கம் திருப்பினார்.

"கோட்டுப் பையில பார்லி கொண்டு வருவார். நான் மோந்து சொல்லுவேன். அவர் போய்ச் செய்வார். அவ்வளவுதான்."

கில்லெஸ்பி பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமும்..."

"என் மூக்கு."

"நீங்க குடிச்சதே இல்லையே."

"இல்ல."

தூறல் பெட்டி மேல் விழுகிற சத்தம் கேட்டது. ரூரி தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்க்க மார்சலியால் முடியவில்லை.

கேலம்தான் கேட்டார். "அப்போ போன வருஷத்துப் பாட்டில்? என் படகு ஏறி வர்றவன் எல்லாம் அதைத்தானே தேடி வர்றான். அது உன் மூக்கா?"

"அது யார் மூக்கும் இல்ல, கேலம்."

"அப்படின்னா?"

"அந்தப் பார்லிக்குப் புகை போட்ட அன்னிக்கு எனக்குச் சளி. மூக்கு முழுக்க யூகலிப்டஸ் தைலம். ரெண்டு பேரும் அடுப்படியில நின்னு ஒரு பிடி பார்லியை மாத்தி மாத்தி மோந்து பாத்தோம். ஏதாவது தெரியுதான்னார். தைலம்தான் தெரியுதுன்னேன். சந்தேகம்னா இன்னும் கொஞ்சம் எரியட்டும்னு நான்தான் சொன்னேன். மறுநாள் மத்தியானம் வரைக்கும் எரிஞ்சுது."

முதலில் ரூரியின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று மார்சலி நினைத்தாள். அவன் நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கயிற்றை விடாமல் புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"சளிக்கா அண்ணி இவ்வளவு புகழ்?"

"சளிக்குத்தான்."

"பாவி. என்கிட்டகூடச் சொல்லலியே." அவன் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான். கேலம் இருமுவது போலச் செய்தார். இன்னொருவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். பாதிரியார் புத்தகத்தின் மேல் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்திருந்தது.

கில்லெஸ்பி சிரிக்கவில்லை. கையில் சுற்றியிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லேபிள் அச்சுக்குப் போயிடுச்சு, மார்சலி."

"நிறுத்துங்க."

"வேற மூக்கு வரையச் சொல்லட்டுமா?"

"யார் மூக்கும் வேண்டாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். அவர் சொல்லச் சொன்னார், சொல்லிட்டேன்."

அவர் தலையசைத்தார். பிறகு கையிலிருந்து கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, அவள் பக்கம் நீட்டினார். மேல்பையிலிருந்து அட்டையையும் எடுத்தார். மழையில் 'நாலு' என்ற எண் கலைந்திருந்தது.

பாதிரியார் விலகி அவளுக்கு இடம் விட்டார். ரூரி, "கையில ரெண்டு சுத்துப் போதும், அண்ணி. நான் சொல்றப்ப விடுங்க. வேகமா விடக்கூடாது" என்றான்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கேட்லேர்ந்து பாத்திருக்கேன்."

கயிறு ஈரமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. அவள் நினைத்ததைவிட அவர் கனம் குறைவு. ரூரி சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கனம் போய்க் கயிறு தளர்ந்தபோது அதை எல்லாரையும் போல உள்ளே போட்டாள். மண் விழுந்தது.

வழக்கப்படி பிறகு பாட்டில் திறந்தது. சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் கில்லெஸ்பி ஊற்றினார். முதல் கிண்ணம் நெருங்கின உறவுக்கு. அவர் ரூரியைத் தாண்டி வந்து அதை மார்சலியிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தவறு செய்துவிட்டவர் போலக் கையை எடுக்கத் தயங்கினார்.

"இது எந்த வருஷத்தது?" என்றாள்.

"அதேதான். சளி வருஷம்."

வாசலுக்குள் வராத பாட்டில். பதிமூன்று வருஷத்துக்கு முன் அவள் கையில் வெறும் சூடாக மட்டும் இருந்த அந்தப் பார்லி. மார்சலி கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனாள். முதலில் புகை வந்தது, அத்தனை புகை. தார் பூசிய படகுக் கயிறு. ஈரக் கம்பளி. அதெல்லாம் கொஞ்சம் விலகிய பிறகு, அடியில், ஆறாத பார்லியின் இனிப்பு.

ஆண்கள் தங்கள் கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"குடிங்க, அண்ணி" என்றான் ரூரி. "இன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"நீங்க குடிங்க."

அவர்கள் குடித்தார்கள். மார்சலி கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை, கொட்டவும் இல்லை. தூறல் வலுத்தது. உள்ளே ஒரு துளி விழாதபடி இன்னொரு கையைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாள்.