போதகர் சொல்லாத பிரசங்கம்

1

இந்தக் கதை ஒரு வினாத்தாளில் தொடங்கியது. (உண்மையில் என் பொறாமையில் தொடங்கியது. அதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே மானம் போக வேண்டாமே.)

எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு, ஒருவர் ஆண்டவர் தனக்குத் தந்த வரத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு கதை எழுதித் தரும்படி போதகர் கேட்டார். முதலில் இப்படி எழுதினேன்: "கண்டி நகரைப் பனி மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆவியானவர் என்..."

அடித்துவிட்டேன். அன்று பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. மண்டை பிளக்கிற வெயில். மண்டபத்து மின்விசிறியும் வேலை செய்யவில்லை.

2

அந்த வெயிலில்தான், அவரவர் ஆவிக்குரிய வரத்தைக் கண்டறிய ஆளுக்கொரு வினாத்தாள் தந்தார்கள். போதித்தல், உபசரித்தல், தேற்றுதல் என்று ஒவ்வொரு வரத்துக்கும் பதினைந்து புள்ளி. எனக்குப் போதித்தலில் பதினான்கு. எனக்கு நானே போட்ட புள்ளிதான், வாசகரே, சிரிக்காதீர்கள்.

வதனாக்காவுக்கு எதிலும் நான்கைத் தாண்டவில்லை.

சாவகச்சேரியில் பிறந்து, பன்விலத் தேயிலைத் தோட்டங்களில் பதினெட்டு வருடமாகப் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபாக வேலை செய்பவர் வதனாக்கா. எங்கள் போதகர் சிங்களவர், தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் பிரசங்கிப்பார். பன்விலவிலிருந்து பஸ்ஸில் வரும் தோட்டத்து மக்களுக்காக அக்கா பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார்.

அவருடைய தாளை எட்டிப் பார்த்தேன். 'என் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் ஆறுதலடைகிறார்கள்' என்ற வரிக்கு எதிரே பூச்சியம்.

"ஏனக்கா பூச்சியம்?"

"அது போதகற்ர பேச்செல்லோ. நான் அதைத் தமிழில சொல்லுறன், அவ்வளவுதானே." தாளை மடித்தார். "எனக்கு வரமொண்டும் இல்லைப் போல, தம்பி. இவ்வளவு காலமும் வேற ஆரோ ஒராளின்ர இடத்தில நிண்டிட்டன்."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கதாபாத்திரங்கள் இவ்வளவு லேசில் கலங்குவதில்லை. ஆகவே இது நான் கற்பனை செய்ததல்ல என்று நம்பலாம்.

3

இனிப் பொறாமை. நான் அரச அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிசகினாலும் எனக்குத் தூக்கம் வராது. போதகருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான்தான் என்ற நினைப்பில், வதனாக்கா விடும் பிழைகளை வாராவாரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போதகர் கொரிந்து பட்டணத்தின் துறைமுகம், வணிகம் என்று பத்து நிமிடம் விளக்குவார். அக்கா சொல்வது இது: "அங்க வசதியான ஆக்கள் முந்தி வந்து சாப்பிட்டு முடிச்சிடுவினம். வேலை முடிஞ்சு வாற சனத்துக்கு வெறும் கோப்பைதான். அதுக்குத்தான் பவுல் ஏசுறார்."

வேதத்தில் இருப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் போதகர் அன்று அதைச் சொல்லவே இல்லை.

வினாத்தாள் தந்த அன்று, மடித்த தாளோடு நின்ற அக்கா என்னிடம் கேட்டார். "நீர் இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள். நான் சொல்லுறதில பிழையிருக்கோ?"

[இந்த இடத்தில் என்னை நல்லவனாகக் காட்ட மூன்று முறை முயன்றேன். சரிவரவில்லை.]

"கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தான் சொல்லுறீங்கள், அக்கா," என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் வந்து கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மைக்குக்குப் பக்கத்தில் நான்.

4

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கிரேக்கச் சொல்லின் வேர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு பெரியவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆராதனை முடிந்ததும் கறுப்பையா அண்ணன் வந்தார். பன்வில ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருபவர் அவர்தான்.

"பாஸ்டருக்கு ஒடம்பு சரியில்லீங்களா சேர்?"

"ஏன், நல்லாத்தானே இருக்கிறார்?"

"இல்லீங்க. எப்பவும் நம்ம வீட்டுக்குள்ள வந்து பாத்த மாதிரி பேசுவாரு. இன்னைக்கு யாருக்கோ பேசுற மாதிரி இருந்திச்சி." கொஞ்சம் தயங்கினார். "போன மாசம் எம் பொஞ்சாதி போய் சேந்தப்ப, அந்த ஞாயித்துக்கெழம அவரு பேசுனதக் கேட்டுட்டு வந்துதாங்க நான் மறுபடி சோறு தின்னேன்."

அந்த ஞாயிறு போதகர் பிரசங்கித்தது சாலொமோன் கட்டிய ஆலயத்தின் நீள அகலத்தைப் பற்றி. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா அதைத் தமிழில் என்னவென்று சொன்னார் என்பதுதான் நினைவில்லை. நான் பிழை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

5

முடிவுகள் சில போட்டுப் பார்த்தேன்.

அ) போதகரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் வாய்விட்டுச் சிரித்து... (நல்ல மனிதர்தான். ஆனால் தன் பிரசங்கம்தான் தோட்டத்து மக்களைத் தொடுகிறது என்று எட்டு வருடமாக மகிழ்ந்திருப்பவர். சிரிப்பாரா, அக்காவை நிறுத்திவிடுவாரா?)

ஆ) ஒருவரிடமும் சொல்லாமல் விடுகிறேன். தனக்கு வரமே இல்லை என்று நம்பிக்கொண்டு வதனாக்கா கடைசி வாங்கிலேயே... (இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.)

இ) ஆண்டு மலரின் தமிழ்ப் பக்கங்களைப் போதகர் வாசிப்பதற்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவர் யார் தெரியுமா? வதனாக்காதான்.

ஆகவே இதை முதலில் வாசிப்பவர் நீங்கள், அக்கா.

கறுப்பையா அண்ணனைச் சாப்பிட வைத்தது உங்கள் பேச்சு. அந்தப் பூச்சியத்தை அழித்துவிடுங்கள். நான் உங்களுக்குச் செய்தது அநியாயம், மன்னித்துக்கொள்ளுங்கள். போதகருக்கு இதில் எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். கூட்டுங்கள், குறையுங்கள். நான் சரிபார்க்க மாட்டேன்.

வருகிற ஞாயிறு மைக்குக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நான் பன்வில ஆட்களோடு வாங்கில் இருப்பேன். எனக்கும் ஒரு நாளைக்காவது பிரசங்கம் விளங்க வேண்டும்.