எடுத்துக்கப்பா

"பாட்டுல எங்கம்மா பேரப் போடுங்க."

கேட்கவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதைத்தான், லாஸ்பேட்டை ஸ்டுடியோவில் இசையமைப்பாளர் இளஞ்செழியனிடம் முதல் பேச்சாகக் கேட்டேன்.

என் அம்மா தனம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவள். அந்தக் கூவலைப் போனில் பதிவுசெய்துகொண்டு போய் இவர் பாட்டாக்கினார். இப்போது கல்யாண வீடெல்லாம் அதற்குத்தான் ஆடுகிறது. அம்மா வாயைத் திறந்தாலே வியாபாரிகள் கூடச் சேர்ந்து பாடிச் சிரிக்கிறார்கள். விலை கேட்க ஆளில்லை. மூன்று நாளாக அவள் வீட்டிலேயே கிடக்கிறாள்.

"அம்மாவேதான் குடுத்தாங்க, பாரும்மா," என்று போனில் வீடியோவைக் காட்டினார். "எடுத்துக்கப்பா" என்று அதில் அம்மா சிரித்தாள்.

ஏலத்தில் அவள் 'எடுத்துக்க' என்றால் கூடை கைமாறிவிட்டது. அதன்பிறகு யாரிடமும் அவள் திருப்பிக் கேட்டதில்லை.

"படிச்ச பொண்ணு, உனக்குப் புரியும். சனிக்கிழமை பீச்சுல ஷோ. அம்மாவ கூடையோட மேடை ஏத்திடலாம், செம்மையா இருக்கும்."

"கூடைய நீயே தூக்கிக்கிட்டு ஆடு."

துறைமுகப் பக்கமே நான் வரக்கூடாது என்றுதான் அம்மா என்னை பி.காம். படிக்கவைத்தாள். நாளை அவள் இடத்தில் நின்று நான்தான் ஏலம் விடப்போகிறேன். எனக்கு ராகம் வராது, கத்தத்தான் வரும். கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தேன்.