முதுகில் இல்லாத குட்டிகள்

என் வீட்டுக்காரருக்கு ஆண் தேள் எது, பெண் தேள் எது என்று தெரியாது. நான் வேலை பார்த்த பழைய ஆய்வகத்தில் மரபணு வாசிக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. குழாயில் ஊற்றிக் கொடுத்தால் எதையும் படித்துச் சொல்வார். அதுவே உயிரோடு நடந்து வந்தால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் தலையில் என் தேள்களைக் கட்டிவிட்டு, வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் வேலைக்கு விமானம் ஏறினேன்.

கிருமி தோய்த்த ஊசியால் தேளைக் குத்தி, மறுநாள் ரத்தம் எடுத்து, எந்த மரபணு சண்டைக்கு எழுந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. சில மரபணுக்கள் குத்தாமலே காவலுக்கு நிற்கும். சில, குத்தினால்தான் வாயைத் திறக்கும். என் வீட்டுக்காரர் இரண்டாவது ரகம். நான் கிளம்பிய அன்று அவர் கேட்டதெல்லாம், "பெட்டி எடை சரியா இருக்கா?"

மற்ற தேள்களின் முடிவு வந்துவிட்டது. கடைசித் தேளும் அதையே சொன்னால் கட்டுரை தயார். இங்கே எனக்கு இன்னும் மூன்று வருடம் வேலை. இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு. இது அவருக்கும் தெரியும். ஊசி போட அங்கே ஆள் உண்டு. அவர் தேளை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இப்ப முடியாது," என்றார் போனில். "அது குட்டி போட்டிருக்கு. முதுகு நிறைய குட்டிங்க."

குட்டிகள் தோலுரித்து இறங்கும்வரை தாயைத் தொடுவதில்லை, அது எங்கள் வழக்கம். ஆனால் அது ஆண் தேள். வயிற்றடியில் சீப்பு போல இருக்கும் உறுப்பைப் பார்த்துப் பெட்டியில் விட்டவளே நான்தான். சிரிப்பு வந்தது. போகாதே என்று சொல்லத் தெரியாத மனிதர் ஒரு பெரிய குடும்பத்தையே உண்டாக்கிவிட்டார்.

"சரி, இறங்கட்டும்," என்றேன்.

ஒவ்வொரு வாரமும் விசாரித்தேன். அவரும் சளைக்காமல் சொன்னார்: ஒன்று சோம்பேறி, ஒன்று எப்போதும் விழப் பார்க்கிறது. எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். இரண்டு மாதம் ஓடியது.

"என்னம்மா, அந்தக் குட்டிங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாதான் இறங்குமா?" என்றார் இங்கே எங்கள் ஆய்வகத் தலைவர். "இந்த வாரம் ரத்தம் வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றே போன் செய்தேன். "ஏங்க, அது ஆண் தேள்."

"தெரியும்," என்றார். "ரெண்டாவது வாரமே புத்தகத்துல பாத்துட்டேன். நீ கேட்டுக்கிட்டே இருந்தே. சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"வந்துடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்துடுறேன்."

 அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு ஊசி போடச் சொல்றேன். குட்டிங்க இறங்கிடுச்சுன்னு உங்க தலைவர்கிட்ட சொல்லிடு."