பட்டியில் அடைபட்ட பெயர்

புளியை உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, கெங்கம்மாள் வீட்டுக் கூடத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கி முடித்த அன்றுதான் ஜவ்வாதுமலைப் பெண்கள் குழு புளி விற்கும் இணையதளம் காணாமல் போனது.

"காணாமலாம் போவலக்கா. அரசாங்கம் பறிமுதல் பண்ணிட்ச்சி" என்றாள் ரேணுகாதேவி. குழுவுக்கு அவள் செயலாளர். தளத்தைப் பார்த்துக்கொள்வதும் அவளே.

"எந்த அரசாங்கம்டி? ஃபாரஸ்ட்காரனா?" தலைவி கெங்கம்மாளுக்குத் தெரிந்த பறிமுதல் அது ஒன்றுதான்.

"இல்லக்கா. பசிபிக் கடல்ல ஒரு தீவு. நம்ம தளத்துப் பேருக்குக் கடைசில ரெண்டு எழுத்து வருதில்ல, அது அவங்க நாட்டோடது. மொத வருசம் சும்மா தர்றாங்கன்னு வாங்கிட்டேன். அதே எழுத்த வெச்சிக்கினு எவனோ சூதாட்டம் நடத்திக்கிறான். கோவத்துல வெளிநாட்டுக்காரங்க வாங்குன பேரயெல்லாம் மொத்தமா முடக்கிட்டாங்க."

"ஒத்த ஆடு மேஞ்சதுக்கு ஊர் ஆட்டையெல்லாம் பட்டில அடைச்சானா?"

செய்தி எப்படித்தான் மலையிறங்கியதோ, மறுநாளே ஒடுகத்தூர் புளி வியாபாரி கோபால்சாமி பைக்கில் வந்துவிட்டார்.

"இன்னா கெங்கம்மா, உன் கடை கடல்ல வுழுந்துட்ச்சாமே? வர்ற வெள்ளிக்கெயம லாரி அனுப்பறேன். நான் சொல்றதுதான் வெல."

வெள்ளிக்கிழமைக்குள் பெயர் மீளாவிட்டால் வருடம் முழுவதும் பட்ட பாடு அந்த லாரியில் ஏறிவிடும். ஆனால் கெங்கம்மாள், அடுத்தவர் கொல்லையில் மேய்ந்ததை அடைத்துவைக்கும் ஊராட்சிப் பட்டியிலிருந்து பதினோரு முறை ஆடு மீட்டவள். முறை அவளுக்குத் தெரியும். அடையாளம் சொல்ல வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், இனி அவிழ்த்துவிட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளைத்தாளை எடுத்தாள்.

"ஐயா, எங்கள் தளத்தின் பெயர் தங்கள் பட்டியில் இருப்பதாக அறிகிறோம். அடையாளம்: நெற்றியில் புளியமரம். இடப்பக்கம் தலைவியின் படம், இரண்டு கண்ணும் மூடியிருக்கும். மேற்படி பெயர் யார் கொல்லையிலும் மேயவில்லை. இனியும் கட்டிப்போட்டே வளர்ப்போம்."

"அக்கா, இதப் போயி இங்கிலீசுல எப்டி எழுதறது? மானம் பூடும்!"

"வுடாம எழுது. ஆட்டுக்குப் போகாத மானம் இதுக்குப் பூடுமா?"

முதல் சாட்சி ரேணுகாதேவி. இரண்டாம் சாட்சி வேண்டுமே என்று கெங்கம்மாள் தாளை, இன்னும் பைக்கை எடுக்காமல் நின்ற கோபால்சாமியிடமே நீட்டினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே, "வியாபாரி, ஒடுகத்தூர்" என்று முகவரியோடு கையெழுத்துப் போட்டார். அத்தனையும் மின்னஞ்சலில் போயிற்று.

வியாழக்கிழமை காலை பதில் வந்தது. ரேணுகாதேவி இரண்டு முறை படித்துவிட்டுத்தான் தமிழில் சொன்னாள்.

"வக்கீலுங்க அனுப்ன நோட்டீசு நூத்துக்கணக்குல கெடக்குதாம். ஒருத்தரும் அடையாளம் சொல்லலயாம். அவங்க ஊர்ல பன்னிக்குப் பட்டி இருக்குதாம், இதே மொறதானாம். பேர ஒரு நிமிசம் அவுத்து, தளத்தத் தெறந்து பார்த்தாங்களாம். கண்ணு மூடிக்கினு இருக்கறது சரியா இருக்குதாம். சாட்சி சொன்ன வியாபாரிக்கும் நன்றியாம். பேர அவுத்து வுட்டுட்டாங்கக்கா!"

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. வந்த லாரியைச் சும்மா அனுப்புவானேன் என்று, சென்னைக்கும் கோவைக்கும் போக வேண்டிய பார்சல்களை அதிலேயே ஏற்றிக் கீழே அனுப்பினாள் கெங்கம்மாள். பார்சல்களை எண்ணி ஏற்றியவர் லாரியோடு வந்த கோபால்சாமியே. சாட்சி ஆயிற்றே.

"அக்கா, இப்பவாவது கண்ணு தெறந்த போட்டோ ஒண்ணு மாத்திடட்டுமா?" என்றாள் ரேணுகாதேவி.

"கைய வெக்காத. நாளைக்கி மறுபடியும் புடிச்சிட்டான்னா, எத்தக் காட்டி மீட்கறது?"