பட்டாணியின் கைக்கு எந்த மண்

குழந்தைகளின் கையைக் களிமண்ணில் பதித்து, சுட்டு, சுவரில் மாட்டும் வில்லையாகத் தருவதுதான் அத்தையின் பட்டறையில் சக்கைப்போடு போடுகிற சரக்கு. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் பிள்ளையின் கை இத்தனை சின்னதா என்று கேட்பார்கள். பதித்தபோது சின்னதாகத்தான் இருந்தது, அதற்குள் வளர்ந்துவிட்டது என்று அத்தை கூசாமல் காதில் பூ சுற்றுவாள். உண்மை வேறு. மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். அதிலும் எல்லோரும் ஆசைப்படுகிற வெள்ளைப் பீங்கான் மண் இருக்கிறதே, எட்டில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி பளபளக்கும்.

ஊரார் பிள்ளைகளுக்கு இப்படிச் சமாளித்தவளுக்குத் தன் வீட்டுக் கை என்றதும் சோறு இறங்கவில்லை. அவள் தம்பிக்கு வேலை மாற்றலாகிவிட்டது. விமானத்தில் போனாலே ஒரு பகல் பிடிக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். அவனும் அவன் மனைவியும் வேலைக்கு ஓட, அவர்கள் மகள் பட்டாணி பிறந்ததிலிருந்து வளர்ந்தது இந்தப் பட்டறையில்தான். சக்கரம் சுற்றினால் தூங்கும், நின்றால் வீட்டை இரண்டாக்கும். பிறப்புச் சான்றிதழில் அதற்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அத்தை ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாததில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவள்தான். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

புது வீட்டுச் சுவருக்குப் பட்டாணியின் கை வேண்டும், வெள்ளையில் மழமழவென்று வேண்டும் என்று தம்பி மனைவி கேட்டிருந்தாள். அத்தை தலையாட்டிவிட்டு, மூன்று மண்ணையும் மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். வெள்ளை வேண்டாம், அது திருடன். சிவப்பு மண் பரவாயில்லை, ஆனாலும் சுருங்கும். மூன்றாவது, சுட்ட ஓடுகளை இடித்துக் கலந்த முரட்டு மண், பெரிய பூந்தொட்டிகளுக்கு ஆவது. ஒரு தடவை வெந்த பொடி உள்ளே இருப்பதால் அது அவ்வளவாகச் சுருங்காது. அழகு கிடக்கிறது, கை முழுசாக இருக்கட்டும் என்று அதையே பிசைந்து தட்டி வைத்தாள்.

சனிக்கிழமை தம்பி மனைவி குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். முரட்டு மண் உள்ளங்கையில் பட்டதுதான் தாமதம், பட்டாணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. பொடி குத்திய இடமெல்லாம் சிவந்துவிட்டது.

"வெள்ளை மண்ணே இருக்கட்டுமே அண்ணி. எதுக்கு இதுல போட்டுப் படுத்துறீங்க?"

"வெள்ளை மண்ணு சுருக்கிடும்மா. எனக்கு முழுக் கை வேணும்."

கொஞ்சம் சின்னதானாலும் பார்க்க லட்சணமாகத்தானே இருக்கும் என்றாள் அவள். அவளுக்கென்ன, முழுக் கை நாளைக்கு அவளோடுதான் விமானம் ஏறப் போகிறது. அத்தை அதைச் சொல்லவில்லை. சிவப்பு மண்ணை நீட்டினாள், குழந்தை மூடிய முஷ்டியைத் திறக்கவே இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் வெள்ளையை வைத்தாள். பட்டாணி அழுகையை நிறுத்தியது, ஒரு தட்டு தட்டிப் பார்த்தது, பிறகு ஐந்து விரலையும் விரித்து அழுத்திச் சிரித்தது. ரேகை, நகம், மணிக்கட்டு மடிப்பு எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. காய்ந்ததும் சுட்டு அனுப்புகிறேன் என்று அத்தை வாக்குக் கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு வில்லையை ஈரத் துணியில் பொதிந்து, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றினாள். தினமும் காலையில் பிரித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி பொதிந்தாள். ஈரம் இருக்கிறவரை மண் சுருங்காது. மற்ற வில்லைகள் காய்ந்து, வெந்து, கைமாறிப் போய்க்கொண்டே இருந்தன. இது மட்டும் பட்டறை மூலையில் அன்றைக்குப் பதித்தபடியே கிடந்தது. தம்பி கேட்கும்போதெல்லாம் இன்னும் காயவில்லை என்றாள். அங்கே மழையா என்று அவன் கேட்டதற்கு, மண்டையைப் பிளக்கிற வெயிலில் நின்றுகொண்டு ஆமாம் என்றாள்.

பட்டாணி நடக்கத் தொடங்கியதைக் காட்டத் தம்பி வீடியோவில் கூப்பிட்டான். குழந்தை திரையில் கையை அப்பியது. அந்தக் கை வேறாகியிருந்தது. விரல்கள் நீண்டுவிட்டன, மணிக்கட்டு மடிப்பைக் காணோம்.

"இன்னுமா காயலக்கா?"

"காய விடலடா. தினம் தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன். சுடறதுக்கு மனசு வரல."

தம்பி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"அவ வளந்துக்கிட்டேதான்க்கா இருப்பா."

"வளரட்டும்டா. நல்லா வளரட்டும். என்கிட்ட இருக்கறவ இப்படியே இருக்கட்டும்."

ஃபோனை வைத்துவிட்டு அத்தை பையைப் பிரித்துப் பார்த்தாள். துணியின் ஓரம் காய்ந்திருந்தது. தண்ணீர் எடுத்து வரப் போனாள்.