காசிராஜனுக்குப் போன பதில்

கல்யாணமான புதிதில் வீரபத்திரன் தன் மனைவிக்கு மோர்ஸ் தந்திக்குறி கற்றுக்கொடுத்தது, அம்மா காதில் விழாமல் பேசத்தான். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் அவன். முன்னறையிலிருந்து மேசையைத் தட்டுவான். தட்டினால் புள்ளி, நகத்தால் இழுத்து உரசினால் கோடு. அடுப்படியில் அழகுத்தாய் கரண்டியால் செம்பைத் தட்டிப் பதில் சொல்வாள். எட்டாம் வகுப்பில் படித்த ஆங்கில எழுத்துகள் அதற்குப் போதுமாக இருந்தன.

"என்னடி எந்நேரமும் டொக்கு டொக்குன்னு?"

"செம்பு நெளிஞ்சிருக்கு அத்தை. நிமுத்துறேன்."

பிறகு அவன் லைசென்சு வாங்கி, பரளச்சி கிராமத்தில் தன் வீட்டின் முன்னறையில் வயர்லெஸ் பெட்டி வைத்தான். தினமும் காலையில் கோயம்புத்தூரிலிருந்து காசிராஜன் கூப்பிடுவார். இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசிக்கொள்வார்கள். நேரில் பார்த்ததில்லை. அவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வதால் அடுப்படிக்கு ஒன்றும் கேட்காது.

அன்று வீரபத்திரன், "டவுனுல ஒரு சோலி இருக்கு, வாரேன்" என்று அருப்புக்கோட்டை பஸ் ஏறியிருந்தான். மாமியார் பருத்தி எடுக்கப் போயிருந்தாள். மற்ற வீடுகளில் பாட்டுக்கு ரேடியோ போடுவதுபோல அழகுத்தாய் ஹெட்போனைக் கழற்றிப் பெட்டியைச் சத்தமாகப் போட்டுவிட்டு வீடு கூட்டினாள். கணவனைக் கூப்பிடும் அழைப்புக்குறி கேட்டது. காசிராஜன்தான். நிறுத்தி, காத்திருந்து, மறுபடியும் கூப்பிட்டார்.

லைசென்சு உள்ளவன் மட்டுமே தட்டும் சாவியைத் தொட்டுச் செய்தி அனுப்பலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாசலில் ஒருவரை நிற்கவைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. உட்கார்ந்து, கணவனின் குறியைச் சொல்லிப் பதில் கொடுத்தாள்.

"கை நடுங்குகிறதே வீரபத்திரன்" என்று வந்தது. "இன்னும் மனசு தேறவில்லையா?"

அவள் விழித்தாள். அவர் தொடர்ந்தார்.

"வருஷம் ஒன்றாகிவிட்டது. அழகுத்தாய் இறந்த துக்கம் கேட்க நான் வரவே இல்லை. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தங்கச்சி படத்துக்கு என் கையால் ஒரு மாலை போட வேண்டும்."

அவள் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வந்து சேர்ந்தது. முதலில் அது யாரோ ஒருத்தியின் பெயராகத்தான் இருந்தது. பிறகு தன் கையைப் பார்த்தாள். வளையலில் விளக்குமாற்றுத் துரும்பு ஒட்டியிருந்தது. போன வருஷம் எந்த நாளில் செத்திருப்பாள்? அன்று அவனுக்கு என்ன சமைத்துப் போட்டாள்? அதைச் சாப்பிட்டுவிட்டு வந்துதானே இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருப்பான்?

பதிலுக்காக அந்தப் பக்கம் காத்திருந்தது. நான்தான் அழகுத்தாய் என்றால் லைசென்சு போய்விடும். அதைவிட, அதைச் சொல்லும் தெம்பு விரலில் இல்லை.

"வாங்க" என்று மட்டும் அனுப்பினாள்.

மதியம் வீரபத்திரன் அக்குளில் ஒரு தினத்தாள் பொட்டலத்தோடு வந்தான்.

"காசிராஜன் அண்ணன் கூப்பிட்டாக" என்றாள். "என் துக்கத்துக்கு ஞாயித்துக்கெழம வாராகளாம்."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"நீ ஏன் சாவியத் தொட்ட?"

"நீங்க ஏன் என்னயக் கொன்னீக?"

"போன வருசம் குடும்பத்தோட விருந்துக்கு வாரேன்னாரு. நானோ மாடி வீடு, காருன்னு வாய்க்கு வந்தத அடிச்சு விட்டுருந்தேன். சாவு விழுந்த வீடுன்னா விருந்துக்கு வர மாட்டாகன்னு..."

"துக்கத்துக்கு வருவாகன்னு தெரியாதாக்கும்?"

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வருவாருன்னு யாரு கண்டா?"

"சரி, மாடி வீடு எங்கன்னு கேட்டா?"

அவன் குரல் இறங்கியது. "ஒன் வைத்தியச் செலவுக்கு வித்துட்டேன்னு சொல்லிட்டேன்."

அழகுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு சத்தமாகிவிட்டது. "ஏன், ஒங்க ஆத்தாவச் சாகடிக்க வேண்டியதுதான?"

"ஏ, அவுக உசுரோட இருக்காகல்ல!"

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

அவள் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். பெரிதாக்கிச் சட்டம் போட்ட அவள் முகம். கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவனை வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தோள் மட்டும் மிச்சமிருந்தது. மாட்டுவதற்கு ஆணியும் காகிதத்துக்குள் கிடந்தது.

"ஞாயித்துக்கெழம ஒரு நாளு மட்டும் எம்.ரெட்டியபட்டியில ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துரு. பஸ்ஸு ஏத்தி விடுறேன்."

அவள் அடுப்படிக்குப் போனாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. பயமா கோபமா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாமியாருக்குக்கூடத் தெரியாத ஒரு பாஷை தனக்கும் அவனுக்கும் இருக்கிறது என்று இத்தனை நாள் வைத்திருந்த ரகசியப் பெருமைதான் முதலில் அறுந்தது. அந்தப் பாஷையில்தான் அவளைக் கொன்றிருக்கிறான்.

சற்று நேரத்தில் முன்னறையில் மேசை தட்டப்பட்டது. தண்ணீர். எதுவும் நடக்காததுபோல, எப்போதும் கேட்கிற அதே தண்ணீர். நிறுத்தி, காத்திருந்து, மறுபடியும் தட்டினான். கரண்டி அவள் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க" என்றாள். "ஞாயித்துக்கெழம எல போட்டு நாந்தான் சோறு வைக்கப் போறேன். சோறு வைக்கிறது யாருன்னு அவுக கேட்டா, நீங்களே சொல்லுங்க."

வீரபத்திரன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஆணி அவன் விரல்களுக்கிடையில் இருந்தது.